மாமா உட்காரும் சீட்

வெள்ளைச் சட்டை போடுகிறவர்களுக்கு சீட் பெல்ட் பிடிப்பதில்லை. பீளமேட்டில் கார் சர்வீஸ் செய்யும் எங்கள் ஷெட்டில் பதினான்கு வருடமாகப் புகார் எழுதிக்கொள்ளும் சூப்பர்வைசர் நான். முன்சீட்டில் பெல்ட் வைத்த கார்கள் வரத் தொடங்கியதிலிருந்து இதே பாட்டுதான். நெஞ்சில் கறுப்புக் கோடு விழுகிறது, கஞ்சி போட்ட சட்டை கசங்குகிறது, தொப்பையில் அழுத்துகிறது. ஒரு மில் முதலாளி, "இந்தப் பெல்ட்ட அறுத்துப்போட்டுக் குடுங்க, கட்டிப்போட்ட மாடாட்டம் இருக்குது" என்றார். வெளிநாட்டுக் கார் வைத்திருந்த ஒருவர் தென்னை மரத்தில் லேசாக மோதிவிட்டு வந்து, "இடிச்சா உள்ளருந்து காத்துப் பலூன் வருமின்னு சொல்லித்தானுங்க வாங்குனேன், வரவே இல்லீங்களே" என்று சண்டை பிடித்தார். பலூன் விரியும் அளவுக்கு நீங்கள் இடிக்கவில்லை என்று பொறுமையாக விளக்கினேன். பொறுமை என் சுபாவம், சார். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இன்சூரன்ஸ் சர்வேயர். போன ஆவணியில் என் மாமனார் இறந்த விபத்துக்கு அறிக்கை கொடுத்தவர் நீங்கள்தான். பெல்ட் நல்ல நிலையில் இருந்தது, இறந்தவர் அதை அணிந்திருக்கவில்லை என்று எழுதினீர்கள். உங்கள்மேல் தவறில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

என் மாமனார் வேலன், கோபிச்செட்டிபாளையம் பக்கம் பிறத்தியார் தோட்டத்தில் வாழைக்கு மண் அணைத்தே வயதானவர். இரண்டும் பெண்கள். மூத்தவள் அன்புச்செல்வியை நான் கட்டினேன். எட்டு வருடம் அந்த வீட்டில் எனக்கு நிகர் கிடையாது. கண் ஆபரேஷனுக்கு அவரை ஸ்கூட்டரில் வைத்து அழைத்துப் போனது நான். ஓடு மாற்றியது நான். எது வந்தாலும், "மூத்த மாப்ளையக் கேட்டுக்கலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் கோபிக்குப் போயிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு இளையவளைக் கட்டிக்கொண்டு கதிரேசன் வந்தான். காங்கேயத்தில் பேங்க் மேனேஜர். வந்த இரண்டாம் வருடம் கார் வாங்கினான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான், என்னை வாய் நிறைய அண்ணா என்பான்.

அவன் கார் வந்த பிறகு மாமா முழுக்கை வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டார். தான் கூலிக்குப் போன தோட்டத்து முதலாளிகள் வீட்டு வாசல் வழியாக முன்சீட்டில் உட்கார்ந்து போவார். கதிரேசன் குனிந்து, அவர் தோளுக்கு மேலிருந்து பெல்ட்டை இழுத்து, சட்டையில் கறை படாமலிருக்க நெஞ்சில் ஒரு துண்டை மடித்து வைத்து, அதன்மேல் பெல்ட்டைப் படியவிட்டு மாட்டுவான். ஸ்கூட்டரில் என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால்கூடக் கேட்காத மனிதர், அவனிடம் மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்துகொண்டே என்னைப் பார்த்து, "நீங்க கார்க் கம்பெனியிலயே இருக்கறீங்க, இதெல்லாம் எனக்குச் சொன்னதே இல்லீங்களே மாப்ளே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அன்புச்செல்வியும்தான். எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாசூக்கான வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. என்னிடம் சொல்வதற்குக் கார் எங்கே இருந்தது, சார்? ஸ்கூட்டருக்கு பெல்ட் உண்டா?

ஆனி மாதம் கதிரேசன் காரை ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். "ஏனுங்கண்ணா, எடப்பக்கத்து பெல்ட்டு சில நேரம் புடிக்கறதில்லீங்க. மாமா உக்கார்ற சீட்டுங்க. வேற ஆருகிட்டயும் குடுக்காம நீங்களே பாத்துருங்க" என்றான்.

நானே பார்த்தேன். பெல்ட்டின் முனையைச் செருகுகிற பூட்டுக்குள் ஒரு சின்னப் பல் இருக்கும். முனையைக் கவ்விக்கொள்வது அதுதான். அது கொஞ்சம் தேய்ந்திருந்தது. புதுப் பூட்டு ஸ்டோரில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அரத்தை எடுத்து அந்தப் பல்லை இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். ஸ்பிரிங்கைத் துடைத்து எண்ணெய் விட்டேன். டக்கென்ற சத்தம் புதுசுபோல் வந்தது. கையால் இழுத்தால் விடாது, ஒரு உடம்பு மொத்தமாக முன்னால் சாய்ந்தால் விட்டுவிடும். ஜாப் கார்டில், பார்த்துச் சரிசெய்யப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் நினைத்தது ரொம்பச் சின்ன விஷயம். எங்காவது திடீர் பிரேக் போடுவான், மாமாவுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு வரும், இந்தக் காரும் வேண்டாம் இந்த மாட்டலும் வேண்டாம் என்று இறங்கிவிடுவார். அவ்வளவுதான். இதில் கொலை எங்கே இருக்கிறதென்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்று வாரத்தில் கதிரேசன் திரும்ப வந்தான். முகம் வெளுத்திருந்தது. "ஆடு குறுக்க வந்துருச்சுங்கண்ணா. பெல்ட்டு உட்டுப்போச்சுங்க. மாமா கைய ஊனிக்கிட்டாரு, இல்லீன்னா நெத்தி போயிருக்கும்" என்றான். கையை ஊன்றிக்கொண்டார் என்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. காரை அரை நாள் வைத்திருந்தேன். தண்ணீர் அடித்துக் கழுவிவிடச் சொன்னேன். பூட்டை நான் தொடவில்லை. சாவியைக் கொடுக்கும்போது, "இனி பயமில்லீங்க தம்பி" என்றேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

ஆவணியில் குன்னத்தூர் ரோட்டில் முன்னால் போன தேங்காய் லாரி சட்டென்று நின்றது. கதிரேசனுக்கு நெஞ்சில் பெல்ட் பதிந்த கன்றல் மட்டும். மாமா கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்தார்.

நொறுங்கிய காரை எங்கள் ஷெட்டுக்கே இழுத்து வந்தார்கள். நீங்கள் மறுநாள்தான் வருவீர்கள் என்று தெரியும். ஸ்டோரிலிருந்த புதுப் பூட்டை மாட்டி, பழைய கிரீஸையும் புழுதியையும் அதில் பூசினேன். பெல்ட்டுக்கு அடியில் வைத்த துண்டு சீட்டில் கிடந்தது, அதையும் எடுத்துவிட்டேன். நீங்கள் மூன்று தடவை மாட்டி இழுத்துப் பார்த்தீர்கள், பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

"நான் மாட்டுனேனுங்கண்ணா. சத்தம் கேட்டுதுங்க" என்று கதிரேசன் சொல்லிக்கொண்டே இருந்தான். உங்கள் அறிக்கையைக் காட்டினேன். "அவசரத்துல மறந்திருப்பீங்க தம்பி. மனுசனுக்கு வர்றதுதானுங்க" என்றேன். தினமும் போய்ச் சொன்னேன், ஆறுதலாகத்தான் சொன்னேன். பத்து நாளில், மாட்டவில்லை என்று அவனுக்கே ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குப் போவதை நிறுத்தினான். சாப்பாட்டை நிறுத்தினான். கிணற்றுப் பக்கம் அவனைத் தனியாக விட அவன் மனைவிக்குப் பயம்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாமா கருமாதிக்குப் பந்தல், பாத்திரம், வந்த சனத்துக்குச் சாப்பாடு, எல்லாம் என் பொறுப்பு. பந்தியில் ரசவாளியோடு நின்றுகொண்டிருந்தேன். மாமாவின் மனைவி, எங்கள் அத்தை சின்னாத்தாளின் காலில் கதிரேசன் எல்லோருக்கும் முன்னால் விழுந்தான். "நாந்தானுங்கத்தை மாட்ட மறந்துபோட்டேன். நாந்தான் கொன்னுபோட்டேன்" என்றான். அவனை அடிப்பார் என்று நினைத்தேன், காறித் துப்புவார் என்று நினைத்தேன். அத்தை அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அழுவாத கண்ணு. அவரு உன்ற கார்ல போனதாட்ட சந்தோசமா எதுலயும் போனதில்ல" என்றார். அப்புறம் சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஊட்டினார். ஐந்தாறு நாளில் அவன் சாப்பிட்ட முதல் சோறு அது. நான் சாப்பிட்டேனா என்று அந்தப் பந்தலில் ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்போது அத்தை காங்கேயத்தில் அவன் வீட்டோடு இருக்கிறார். அந்தப் பையனைத் தனியாக விடக்கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை நான் கோபிக்குப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். கதிரேசன் பெல்ட்டை மாட்டினான். பூட்டைத் தேய்த்தது நான், தெரிந்தே திருப்பிக் கொடுத்தது நான், பூட்டை மாற்றி வைத்தது நான். என் மாமனாரைக் கொன்றது நான். அந்தப் பிள்ளை பாவம், அவனுக்காகத்தான் சொல்கிறேன். எழுதியதை நீங்களே போய் அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள். வெறும் மறதிக்கே அவனை மடியில் போட்டு ஊட்டியவர், எனக்கு ஒரு வாய்ச் சோறு தராமலா போய்விடுவார்? நான்தானே சார் மூத்தவன்.