முடிச்சு விழாத வேர்

ஓம் தர்சினி மிஸ், புடுங்கிப் பாருங்க. ஒரு தக்காளிக் கண்டு போனா என்ன? மண்ண உதறுங்க. பாத்தீங்களா, வேர் நூல் மாதிரி சுத்தமா இரிக்கி. இப்ப அடுத்த வரிசையில ஒண்டப் புடுங்குங்க. அது நான் முந்தி நடுற தக்காளி இனம். வேரெல்லாம் புழு புகுந்து முடிச்சு முடிச்சா, இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கிக் கிடக்கு, என்ன? ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே நாள்தான் நட்ட.

வைக்கோலா? மண்ணு கடுமையாச் சுட்டா விதையோட வந்த எதிர்ப்புக் குணம் தளர்ந்திரும் எண்டு நீங்கதானே சென்னீங்க. மாவடிப்பள்ளி வெயில் தெரியுந்தானே. அதான் பரப்பின.

பொஞ்சாதியா? இன்ஷிரா ஊட்டுக்குள்ளதான் இரிக்கா. குறை நினைக்காதீங்க மிஸ், அவ தோட்டத்துக்குள்ள கால் வெக்கிறல்ல. பழத்தக் கொண்டு குடுத்தாலும் தொடமாட்டா.

முந்தியா? முந்தி புழுவுக்கு மருந்துதான். ஊதா நிறத்தில குறுணல். நடுற குழிக்குள்ள போட்டு மண்ணால மூடுற. உங்கட விவசாயக் கந்தோர் தந்த விதைக்கி ஒண்டும் போடல்ல. வெறும் மண்ணு. பயமில்லாம அள்ளலாம்.

ஒண்டு கேக்கட்டா? இந்த இனம் எப்ப வந்த? இல்ல மிஸ், நம்மட ஊருக்கு வந்தத கேக்கல்ல. உலகத்துல எப்ப கண்டுபுடிச்ச?

காட்டுத் தக்காளியில இரிந்து எடுத்ததா... உங்கட அப்பா பொறக்கவும் முதலா?

அவ்வளவு காலமாவா இரிந்த?

இல்ல, ஒண்டுமில்ல. தண்ணி வேணாம்.

என்ட மகள் றிபா. குறுணல் போட்ட ஒரு போகம், அவக்குப் பேச்சு அப்பதான் திருந்தி வந்த. வேருக்குள்ள புழு இரிக்கி, கண்ணுக்குத் தெரியாது எண்டு நான் ஆக்களோட கதைச்சத கேட்டுட்டு, வாப்பா, புழு எங்க, புழு எங்க எண்டு எனக்குப் பின்னாலயே திரிஞ்சா. புழுவப் பாக்கத்தான் குழியத் தோண்டின போல. வாயெல்லாம் மண்ணு. மண்ணோட ஊதாக் குறுணல். ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடின. வாசல்லயே மவுத்தாகிட்டா.

அழாதீங்க மிஸ். அதுக்கு இல்ல செல்றது. அடுத்த போகத்துக்கு விதை கொஞ்சம் கூடத் தருவீங்களா? பக்கத்துத் தோட்டக்காரன் இன்னும் குறுணல்தான் போடுறான். அவண்ட மகள் இப்பதான் நடக்கத் தொடங்கிரிக்கா.