உண்ணாவிரதப் பந்தலில் ஓர் இசைத்தட்டு

— மெதுவா வையி வேலாமணி! மூலை நசுங்கிருச்சுன்னா அந்த இசைத்தட்டு இருந்தும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்.

— இப்பத்தான் டி.வி.க்காரங்ககிட்ட ‘பேசக்கூடத் தெம்பில்ல’ன்னு கண்ண மூடிப் படுத்திருந்தீங்க. பார்சலக் கண்டதும் எந்திரிச்சுச் சம்மணம் போட்டு உக்காந்துட்டீங்களே!

— சத்தம் போடாத புள்ள. சங்கத்து ஆளுங்க டீ குடிக்கத்தான் போயிருக்காங்க. பச்சைத் தேயிலைக்கு வெல கேட்டுப் பட்டினி கெடக்கற தலைவன், பந்தல்ல உக்காந்து அமெரிக்காப் பார்சல் பிரிச்சான்னு மஞ்சூர் பூராப் பேசுவானுங்க.

— அப்ப ஊட்டுக்கே கொண்டுபோயிர்றனுங்க.

— இரு, இரு. அட்டைய மட்டும் ஒருக்காப் பாத்துக்கறேன். கத்தரி கொண்டாந்தியா?

— கொண்டாரலீங்க. காலைல இருந்து போன் மேல போனு. ‘வந்துருச்சா, வெயில்ல வெச்சிராத, படுக்கப் போட்ராத, நிக்க வையி’. நான் காச்சல்ல கெடந்தப்ப இத்தன தடவ கேக்கலீங்க நீங்க.

— அது வேற, இது வேற. இது என்னன்னு தெரியுமா? ஜாஸ் புள்ள, ஜாஸ்! அறுவது வருசத்துக்கு முன்னால நியூயார்க்குல வாசிச்சது. அந்த மூல டேப்புல இருந்து நேரா வெட்டிப் புதுசாப் போட்டிருக்கான். உலகத்துக்கே கொஞ்சந்தான் வருது.

— இதே கறுப்புக் கோட்டுக்காரரு படம் போட்டது ஊட்டுல ஏற்கெனவே கெடக்குதுங்களே, ஒண்ணுக்கு மேல ஒண்ணா.

— பாட்டு ஒண்ணுதான், பதிப்பு வேற. ஒண்ணு ஜப்பான்ல போட்டது, ஒண்ணு ஜெர்மனி. அதுல எல்லாம் சாக்ஸபோன் கேக்கும். இதுல அவரு ஊதறதுக்கு முன்னால மூச்சு இழுக்கறதே கேக்குமாம்!

— பக்கத்துல படுத்திருக்கற பொண்டாட்டிக்கு வீசிங் வந்து இழுத்தப்பக் கேக்கல. நியூயார்க்குல செத்துப்போன மனுசன் மூச்சு வுட்டதுக்குக் காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கீங்களாக்கும்.

— உனக்கு ரசனையே கெடயாது.

— ரசனைய வெச்சு உரம் வாங்க முடியுங்களா? கொழுந்தெல்லாம் முத்திப்போய்ச் செடி இடுப்புக்கு மேல நிக்குது. இலை பறிக்க வர்றவங்கெல்லாம் திருப்பூருக்குப் போறோம்ங்கறாங்க.

— முத்தட்டும். வெல ஏத்தற வரைக்கும் பேக்டரிக்கு ஒரு கொழுந்து போகக் கூடாது. நம்ம போராட்டமே அதுதான? நேத்து ஆறுக்குட்டி வந்து அழுதான். சம்சாரத்துக்கு ஆபரேசனாம், ஒரே ஒரு நடை இலை அனுப்பிக்கறேன்னான். முடியாதுன்னுட்டேன்.

— பக்கத்துத் தோட்டக்காரருங்க அவரு. நம்மூட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா முதல்ல வந்து நிக்கறவரு.

— அதெல்லாம் பாத்தா சங்கம் நடத்த முடியாது. வைராக்கியம் வேணும் புள்ள. வயித்தக் கட்டோணும், ஆசையக் கட்டோணும்… ஏய், பல்லுல கடிக்காத! அட்டை கிழிஞ்சுரும்!

— தலைவரே! தலைவரே!

— ஐயோ, ராசு வாரான். துண்டப் போட்டு மூடு, சீக்கிரம்… என்ன ராசு? சங்கத்துச் செயலாளரு நீயே இப்படித் தலைதெறிக்க ஓடியாந்தா சனங்க என்ன நெனைக்கும்?

— மோசம் போயிட்டோம் தலைவரே. இலை மூட்டை ஏத்துன பிக்கப் வண்டி ஒண்ணு பேக்டரிப் பக்கம் போயிருக்குது. நம்ம பசங்க மடக்கிட்டாங்க. யாரு இலைன்னு கேட்டா டிரைவரு வாயவே தொறக்க மாட்டேங்கறான்.

— அவன் எதுக்குச் சொல்லோணும்? எனக்கே தெரியும். அந்த மைக்கக் குடு.

— விசாரிச்சுக்கிட்டு அப்புறமாப் பேசலாமே தலைவரே.

— ஏனுங்க, கொஞ்சம் பொறுங்க. நான் சொல்றத…

— நீ பேசாம இரு வேலாமணி, இது சங்கத்து விசயம்… தேயிலை விவசாயிகளே! நாமெல்லாம் பட்டினி கெடக்கறோம். நம்மள்ல ஒருத்தன் திருட்டுத்தனமா இலைய வித்திருக்கான். அந்தத் துரோகி ஆறுக்குட்டி! இன்னையோட அவனச் சங்கத்த வுட்டு நீக்கறேன். அவனூட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. சொந்தக் காரியத்துக்காக ஊர வித்தவனுக்கு இந்த முத்துவேல்கிட்ட மன்னிப்பே கெடயாது!

— தலைவரே, மைக்க எங்கிட்டக் குடுங்க. ஆறுக்குட்டியண்ணன் ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் பஸ்ஸ வுட்டு எறங்கி, அங்க பந்தல் வாசல்ல நிக்கறாரு. ‘எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க’ன்னு கையெடுத்துக் கும்புட்டு அழுவறாரு.

— நடிப்பு ராசு! எல்லாம் நடிப்பு! அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியலியா?

— அந்த மைக்க இப்படிக் குடுங்க ராசு. ஆறுக்குட்டியண்ணா, நீங்க அழுவாதீங்க. வண்டியில இருக்கறது எங்க தோட்டத்து இலைங்க. இந்தத் துண்டுக்கடியில இருக்கற பார்சலுக்குக் கஸ்டம்ஸ் வரி கட்டோணும்னு கூரியர்காரன் வந்து நின்னான். என்னத்த வித்தாவது எடுத்துருன்னு தலைவரு போன்ல சொன்னாருங்க. இலை ஏஜெண்டுகிட்ட முன்பணம் வாங்கித்தான் எடுத்தேன்; அவனே ஆள வெச்சு ஒரு பக்கத்து இலையப் பறிச்சு ஏத்திட்டுப் போயிட்டான். விக்கறதுக்கு எங்கூட்டுல மிச்சம் இருந்தது அந்த இலை ஒண்ணுதானுங்க.