வியாழக்கிழமைத் திருத்தம்

எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், சேர். அரைக் கோப்பை போதும்.

பெயர் லெஸ்டர். வாழைச்சேனையிலிருந்து கடலுக்குப் போகும் படகுகளைப் பதியும் கணினி நிரலை எழுதியவன் நான்தான். படகு திரும்பியதும் துறைமுக அலுவலர் 'கரைக்குறிப்பு' என்ற இடத்தில் எஞ்சின் பழுது, வலைச் சேதம் என்று ஏதாவது எழுதுவார். எழுத ஒன்றுமில்லாவிட்டால் வெறுமையாகச் சேமிப்பார். அந்த வெறுமைக்கும் படகு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். எவருமே தொடாத இடம் வேறு. அதை நாங்கள் ஆங்கிலத்தில் 'நல்' (null) என்போம். 'நல்' கிடந்தால் படகு இன்னும் கடலில். நேரம் கடந்தும் அப்படியே கிடந்தால், காணாமல்போன படகுகளைத் தேடப்போகும் தேடுதல் பிரிவின் திரையில் சிவப்பாகத் தெரியும்.

அங்கே தரவை அனுப்பும் நிரல், 'நல்' வந்தால் அடிக்கடி நின்றுபோகும். பெரிய தலையிடி. ஆகவே, 'நல்' வந்தால் வெறுமையாக மாற்றி அனுப்பு என்று ஒரு வரி எழுதினேன். அதன்பிறகு ஒரு தடவையும் நிற்கவில்லை. மேலாளர் கிளரன்ஸ் எல்லோர் முன்னாலும், "லெஸ்டர்ட வேலையில குறை புடிக்க ஏலா" என்றார். எனக்குப் பெரிய சந்தோஷம், மறைப்பானேன்.

அடுத்த செவ்வாய் காலை, படகோட்டி நளீரின் மனைவி இனாயா வந்தார்.

"தம்பி, நேத்துப் பின்னேரம் வரவேண்டிய மனுசன். இன்னும் காணல்ல. ஒருக்காப் பாருங்களன்."

பார்த்தேன். எங்கள் பதிவில் 'நல்'. தேடுதல் பிரிவுக்குப் போனதோ வெறுமை; அவர்கள் கணக்கில் படகு கரையில் நிற்கிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. நான் எழுதிய அந்த ஒரு வரிதான்.

"வந்திட்டார் எண்டுதான் காட்டுது, ராத்தா."

"வந்தவர் வீட்ட வராம எங்க போவார்?"

என் சொல்லை நம்பி, இரண்டு நாளாக அந்த மனுசி ஏறாவூரில் சொந்தக்காரர் வீடுவீடாகப் புருஷனைத் தேடித் திரிந்தார்.

தேடுதல் பிரிவுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம்தான். எடுத்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அன்றே திருத்தினாலும் என் பெயர் தனியாக நிற்கும். வழமையான திருத்தங்கள் வியாழக்கிழமைதான் போகும். பத்தோடு பதினொன்றாக இதையும் போட்டால் எவர் கண்ணிலும் படாது. இரண்டு நாள்தானே, கடலுக்குப் பழகிய ஆட்கள் என்று நினைத்தேன்.

வியாழன் காலை திருத்தம் போனது. உடனே திரை சிவந்தது. பின்னேரமே கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கூடப்போன பாஹிம் மட்டும் அதைப் பிடித்தபடி உயிரோடு கிடந்தார்.

"புதன் பின்னேரம் வரைக்கும் நளீர் நானா கதைச்சிட்டுத்தான் இருந்தார். கட்டாயம் தேடி வருவாங்க, கைய உட்டுராத எண்டு அவர்தான் சொன்னார்," என்றாராம்.

செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் நளீர் வீடு வந்திருப்பார். தெரிந்துகொண்டுதான் விட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள், சேர்: வியாழக்கிழமை நான் போட்ட திருத்தத்தில் இன்றுவரை ஒரு குறையும் வரவில்லை.