நிதானம் அண்ணனின் பக்கத்து இருக்கை

தலைமையேற்றிருக்கும் நம் சேவை மன்றத்தின் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஓட்டுநர் தோழர்களே, வெகுதூரம் பயணம் செய்து இங்கே வந்திருக்கும் குடும்பங்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பின்னால் இருக்கும் பதாகையில் 'சேவைச் செம்மல்' என்று போட்டிருக்கிறோம். அண்ணன் இதைப் பார்த்திருந்தால், யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருப்பார். நமக்கு அவர் நிதானம் அண்ணன். நம் அமரர் ஊர்தியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டியவர். சைக்கிள்கூட அவரை முந்திவிடும் என்று ஷெட்டில் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். வேகத்தை மட்டும் கூட்ட மாட்டார்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள். நானோ அவரோடு வேலை பார்ப்பதற்கு முன்பே அவருடைய வண்டியில் ஏறியவள்.

என் கணவரின் சிகிச்சைக்காக இந்த நகரத்துக்கு வந்தேன். இங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் வேண்டாத வேண்டுதல் இல்லை. அவர் போய்விட்டார். உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகரத்தைத் தாண்டியது. பிறகு நான்தான் வாயைத் திறந்தேன்.

"இனிமே நான் சாமி கும்பிட மாட்டேன்."

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஆறுதல் சொன்னாரா? விதி என்றாரா? ஒன்றும் இல்லை. வண்டியை ஓரங்கட்டி ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"சரிம்மா, கும்பிட வேணாம். இந்தத் தண்ணிய மட்டும் குடிங்க."

மதியம் மழை பிடித்துக்கொண்டது. சாலை வேலை நடந்த இடத்தில் மாற்றுப்பாதையில் இறங்கியபோது, பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் வீடில்லை. உள்ளே என் கணவர் கிடக்கிறார், வெளியே மழை கொட்டுகிறது. இதற்குமேல் என்ன இருக்கிறது என்று நொந்துபோனேன்.

அப்போது ஒரு பேருந்து வந்து நின்றது. யாரும் கைகாட்டவில்லை. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். இடுப்பில் குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணால் தள்ள முடியவில்லை. அவள் வந்து என் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். யார் என்று கேட்கவில்லை, என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சக்கரம் மேலேறியதும் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். இன்றுவரை அவளை நான் மறுபடி பார்க்கவில்லை. ஆனால் அவளை நினைக்காமல் நான் பிரார்த்தனை செய்ததும் இல்லை. ஆம், பிறகு நான் பிரார்த்தனைக்குத் திரும்பினேன்.

வண்டி கிளம்பியபின் அண்ணன் சொன்னார்: "சாமி இருக்காரான்னு எனக்கு நிச்சயமா தெரியாதும்மா. ஆனா இந்த ரோட்டுல நான் ஒரு நாளும் தனியா நின்னதில்ல."

சில மாதங்கள் கழித்து நன்றி சொல்ல நம் அலுவலகத்துக்கு வந்தேன். உள்ளே யாரும் இல்லை. தொலைபேசி மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். மறுமுனையில் ஓர் அழுகுரல். அன்று பிடித்த வேலை, இன்னும் விடவில்லை.

அண்ணனின் பயணங்களில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. மகளைப் பறிகொடுத்த ஒரு பெரியவர், வேறு மொழிக்காரர், வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாராம். அண்ணன் 'உம்' கொட்டியபடியே ஓட்டியிருக்கிறார். அவர் பேசியதில் என்ன புரிந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணுமே புரியல. வீடு வர்றதுக்குள்ள அவரு சொல்லி முடிக்கணுமேன்னு இன்னும் மெதுவாப் போனேன்."

இதையா நாம் கேலி செய்தோம்! எத்தனை பேர் அந்த இருக்கையில் அழுது முடித்தார்கள், சொல்லி முடித்தார்கள்!

கடைசியாக அவரை வார்டில் பார்த்தபோது, உங்களுக்காக வேண்டிக்கொண்டேன் என்றேன். அண்ணன் கண்ணைச் சிமிட்டினார்.

"ஐயோ, போன தடவ நீங்க வேண்டினப்போ என்ன ஆச்சுன்னு மறந்துபோச்சா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினார். அந்த வாரமே அண்ணன் நம்மை விட்டுப் போனார். இந்த முறை நான் கடவுளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

நண்பர்களே, நம் ஓட்டுநர்களில் இருவர் இங்கே இல்லை. அதைக் குறையாக எண்ண வேண்டாம். காலையில் ஓர் அழைப்பு வந்தது, தாயை இழந்த ஒரு பெண். அண்ணனின் கூட்டத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இருவரும் தயங்கி நின்றார்கள். அண்ணிதான் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"போயிட்டு வாங்கப்பா. அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்."

இந்தப் பணி நிற்காது. அழைத்தவருக்கு வண்டி போகும், வண்டியில் ஏறியவருக்குத் துணை இருக்கும். இது அண்ணி முன்னிலையில் நாம் கொடுக்கும் வாக்கு. தொலைபேசி என் கையில்தான் இருக்கிறது. கூட்டத்தின் நடுவே நான் எழுந்து போனால் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.