தவக்காலத்துக் கோழிக்கால்

தவக்காலம். திருவட்டாறு பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"ஏட்டி, என்னைய மாதிரி கூறுகெட்டவள நீ பாத்திருக்கியா?" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"என்ன செஞ்ச?"

"ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி தொடமாட்டேன்னு கோயில்ல நேந்துட்டு, நேத்து கடையில பொரிச்ச கோழிக்கால் தின்னேன். தின்னதோட விட்டேனா? போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வச்சேன். மாமியாரும் பங்குச் சாமியாரும் பாக்கப்பிடாதுன்னு ரெண்டு பேரையும் தேடிப்பிடிச்சு டிக் பண்ணினேன்."

"நல்லதுதானே?"

"அது யாருக்கு மட்டும் காட்டணும்னு கேக்குற இடம் மக்கா. அந்த ரெண்டு பேரு மட்டும் பாத்திருக்காவ."

"எம்மாடி! மாமியார் என்ன சொன்னாவ?"

"காலையில ஈஸ்டருக்குக் கோழி வாங்குற பேச்சு வந்துது. 'இவளுக்கு வேண்டாம், தின்னாச்சுல்லா'ன்னு மாமனார்ட்ட சொன்னாவ."