ராகிக் குழி

ராகியைக் குழியில கொட்டறதுக்கு முன்னால ரெண்டு மணியைப் பல்லுல கடிச்சுப் பாக்கோணுங்க. நறுக்குன்னு உடையோணும். நசுங்குச்சுன்னா உள்ள ஈரம் இருக்குதுன்னு அர்த்தம், இன்னொரு வெயில் காட்டித்தான் கொட்டோணும். இதைச் சொன்னா உங்க கான்ஸ்டபிள் தம்பி சிரிக்கறாரு. சிரிக்கட்டும். அவரு ஊட்டுல அதது நேரத்துக்கு வந்து சேருது, கடிச்சுப் பாக்க வேண்டிய அவசியமில்லை.

நீங்க கேட்டதுக்கு வாரேன். எடுத்த எடுப்புலயே சொன்னா உங்களுக்கு வெளங்காது சாமி, அதனால மொதல்ல இருந்தே சொல்லீர்றேன். இந்த இட்லிப் பொட்டலம் எனக்கு வேண்டாமுங்க, அந்தத் தம்பிக்கே குடுத்துருங்க. உங்க ஆளு என்னைக் கூட்டியார வந்தப்பவே வறுத்த மாவை மடியில முடிஞ்சுக்கிட்டுத்தான் கெளம்புனேன். அடுத்தவங்க கையை எதிர்பாத்து நான் ஒரு எடத்துக்கும் போனதில்லை.

எம்பேரு பொன்னாத்தாள். திருச்செங்கோட்டுக்கு வடக்கால, மேட்டுக்காட்டு நடுவுல எங்க சாளை. தனி ஊடு. கூப்பிட்டாக் கேக்கற தூரத்துல ஒரு சனம் கெடையாது. நீங்களே உள்ள போய்ப் பாத்தீங்க, ஒரு குறை சொல்லுங்க பாக்கலாம். புளி உருண்டை மொடாவுல இருக்குது, உப்பு தனியா இருக்குது, வெதைச்சோளம் சாம்பல்ல பெரட்டி உறியில தொங்குது. சீமையில சண்டை வந்தா சீமெண்ணெய் கெடைக்காதுன்னு மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டு வேலியோரம் பூராவும் ஆமணக்குப் போட்டேன், வெளக்குக்கு எண்ணெய் நானே காய்ச்சிக்குவேன். நூல் நானே நூத்துக்குவேன். பட்டியில மேச்சேரி ஆடு நிக்குது. ஊரு முச்சூடும் ராஷன் கடை வாசல்ல பையோட நின்னப்ப நான் ஒருநாளும் போய் நிக்கலைங்க.

எதுக்கு இத்தனைன்னு கேப்பீங்க. நான் பாவாடை கட்டற வயசுல ஒரு பஞ்சம் வந்துச்சு. எங்கம்மாவுக்கு எளகின மனசு. ஆரு வந்து வாசல்ல நின்னாலும் பானையில இருக்கறதை ஊத்தீருவா. புண்ணியவதின்னு ஊரே பேசுச்சு. எந்தம்பி கந்தன் அப்பத்தான் நடக்கப் பழகிட்டிருந்தான். அவனுக்கு ஊத்தறதுக்குன்னு பாக்கறப்ப பானையில ஒண்ணுமில்லை. அவனைப் பொதைக்க எடுத்துட்டுப் போகையில, அதே ஊரு வந்து, எப்பேர்ப்பட்ட மகராசி பெத்த புள்ளைன்னு அழுதுச்சு. எங்கம்மா எல்லாருக்கும் கையெடுத்துக் கும்புட்டா. எனக்கு அவ மேல வந்த கோவம் இன்னைக்கு வரைக்கும் ஆறலைங்க. எங்கைக்குன்னு ஒரு ஊடு வந்தா அந்த ஊட்டுல ஒருத்தரும் பசியில சாகக்கூடாதுன்னு அன்னைக்கே மனசுல முடிஞ்சுக்கிட்டேன். இதுல என்ன தப்பு இருக்குது, சொல்லுங்க.

குழி எங்க ஊட்டுக்காரரு இருக்கையில வெட்டுனது. மாட்டுக் கொட்டாயிக்கு உள்ள, கெட்டியான சுக்கான் மண்ணுல. வாய் ஒரு ஆள் எறங்கற அளவு, வயிறு அகலம். சுத்தியும் வக்கப்புல்லு கொடுத்து, ராகியைக் கொட்டி, பலகைக்கல்லை வெச்சு, சேறு பூசி, மேல சாணி மொழுகீட்டா அங்க குழி இருக்குதுன்னு மாட்டுக்கே தெரியாது. தாலூக்கா ஆபீசுல இருந்து தானியம் அளக்க வந்தவங்க அந்தச் சாணித் தரை மேலதான் நின்னு மோர் குடிச்சுட்டுப் போனாங்க.

எனக்கு ஒரே பையன், தண்டாயுதபாணி. கல்யாணமாகி ஒரு ஆடி கழியறதுக்குள்ள பட்டாளத்துல சேந்து கெளம்பீட்டான். சோத்துக்கில்லாம போகலைங்க, மனசுல ஏதோ வெசனம், அந்த வேசாடையில போனான். அவன் திரும்பி வந்து உக்காரையில ஊடு நெறஞ்சு இருக்கோணும், அது ஒண்ணுதான் எனக்கு நெனப்பு.

மருமவ சௌந்திரம். பரமத்தி வேலூர்ப் பக்கம், ஆத்தோரத்துப் புள்ளை, வெத்தலைக் கொடிக்காலுக்குள்ளயே வளந்தவ. அங்க மண்ணைத் தோண்டுனா தண்ணிதான் வரும், தானியத்தை மரப்பெட்டியில போட்டு வெப்பாங்க. எங்க குழியைப் பத்திக் கேட்டப்ப அவளுக்கு ஆச்சரியம் தாங்கலை. நல்ல புள்ளைங்க. அதை நான் எங்கயும் இல்லைன்னு சொன்னதில்லை. எனக்குக் கால்வலி வந்தா நொச்சித்தழை காச்சி ஒத்தடம் குடுப்பா. பேச்சுத் தொணைக்கு ஆளில்லாம கெடந்த ஊட்டுல அவ வந்த பின்னாலதான் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. ஆடுகளுக்கெல்லாம் பேரு வெச்சா. அந்தப் பேரைச் சொல்லித்தான் நான் இன்னமும் கூப்பிடறேன்.

ஆனா அவளுக்கும் எளகின மனசுங்க. நூல் கெடைக்காம தறியெல்லாம் நின்னு போன சமயம் அது. ராசிபுரத்துல இருந்து நெசவுக்காரங்க குடும்பங் குடும்பமா காட்டுப் பக்கம் கூலி தேடி வந்தாங்க. குஞ்சம்மாள்னு ஒருத்தி, இடுப்புல கைக்கொழந்தையோட வருவா. சௌந்திரம் அவளுக்குக் கூழு ஊத்துனா. மறுக்கா வந்தா, ராகி அள்ளிக் குடுத்தா. அப்புறம் அவ கூட இன்னும் ரெண்டு பேரு வந்தாங்க. ஊட்டுக்குள்ள இருந்த குதிருக்கு அடி தெரிஞ்சு போச்சு. நான் ஒருக்கா சொன்னேன், ரெண்டுக்கா சொன்னேன். தலையாட்டிக்குவா, நான் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனதும் அள்ளிக் குடுத்துருவா.

ஒருநாள் நான் பட்டியடைச்சுட்டு வாரேன், என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு மெதுவாச் சொல்றா. குழி இருக்கறதை குஞ்சம்மாகிட்டச் சொல்லிட்டாளாம். சனிக்கெழமை அவங்க சனத்தை எல்லாம் பாத்திரத்தோட வரச் சொல்லிட்டாளாம்.

"நமக்கு இருக்குதுங்கத்தை, அவங்களுக்கு இல்லை," அப்படின்னா. அவ்வளவுதான் அவ சொன்னது.

நான் சண்டை போடலைங்க. கொரலைக்கூட உசத்தலை. சரி அம்மணி, நாம முன்னாலயே தொறந்து அள்ளி வெச்சுக்கலாம்னேன். அவ மொகம் மலந்து போச்சு. அந்த மொகம் அப்படியே எங்கம்மா மொகமுங்க.

சனிக்கெழமை குஞ்சம்மாளும் அவ சனமும் வந்தப்ப சௌந்திரம் ஊட்டுல இல்லை. கோயமுத்தூரு மில்லுக்கு ஆள் கூட்டிட்டுப் போறவன் ஒருத்தன் கூட ஓடிப் போயிட்டாள்னு சொன்னேன். குழி எதுவும் இல்லை, அவ வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்னு சொன்னேன். வெறும் பாத்திரத்தோட திரும்பிப் போனாங்க. அந்தக் கைக்கொழந்தை அந்த மாசமே போயிருச்சுன்னு அப்புறமாக் கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. கந்தனை நெனச்சுக்கிட்டேன்.

பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி ஓடிப் போயிட்டான்னா ஊரு ஒடனே நம்பீருமுங்க. வேலூர்ல இருந்து அவ அண்ணன் வந்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். அவன் முன்னால அவளைப் பத்தி ஒரு வார்த்தை கொறைச்சுப் பேசலை நான், வயிறாறச் சோறு போட்டுத்தான் அனுப்புனேன்.

அதுக்கப்புறம் நானும் ஆடுந்தான். வருசங்க போறது தெரியலை, ஆனா ஒவ்வொரு பொழுதும் போகாது. ராவுக்குக் களி கிண்டுனா ரெண்டு பேருக்குக் கிண்டிக்கிட்டு இருந்தேன், கை பழகிப் போச்சு. கொட்டாயில சாணி மொழுகறப்ப சும்மா பேசிக்கிட்டே மொழுகுவேன். இன்னைக்கும் மழை ஏமாத்திருச்சு பாத்தியா அம்மணிம்பேன், உன்ற செவலை குட்டி போட்டிருக்குதும்பேன். மனுசங்கன்னா ஆருகிட்டயாச்சும் பேசித்தானுங்க ஆகோணும்.

சண்டை முடிஞ்சு பையன் வந்தான். கறுத்து, எளைச்சு, அடையாளமே தெரியலை. பொண்டாட்டியைப் பத்தி ஊரு சொன்னதையே நானும் சொன்னேன். நம்புனானா இல்லையான்னு தெரியாது. பேச்சு கொறஞ்சு போச்சு. வேலிப்படல்கிட்ட உக்காந்து தடத்தையே பாத்துக்கிட்டு இருப்பான். அவனுக்கு நான் பாத்துப் பாத்து எடுத்து வெச்சதெல்லாம் காட்டுனேன், மொடா மொடாவாத் தொறந்து காட்டுனேன். நல்லா இருக்குதும்மான்னு சொன்னான், அங்கயே பாத்துக்கிட்டு.

இந்த வருசம் மழையில்லை, உங்களுக்கே தெரியும். குதிரு காலியாச்சு. குழியைத் தொறக்கலாம்மான்னான். இப்ப வேண்டாம், இதைக் காட்டிலும் கஷ்டகாலம் வரும், அதுக்கு இருக்கட்டும்னேன். திரும்பவும் கேட்டான். திரும்பவும் அதையே சொன்னேன். முந்தாநாள் நான் ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்து பாக்கறேன், சேத்தை ஒடைச்சு, கடப்பாரை போட்டு கல்லை நெம்பி வெச்சிருக்கறான். குழி வாய்கிட்டக் குந்தி, கவுத்துல வெளக்கைக் கட்டி உள்ள எறக்கிட்டு இருந்தான்.

இது ஆத்தோரத்துக்காரங்களுக்குத் தெரியாத சங்கதிங்க. மூடிக் கெடந்த குழியில கெட்ட காத்து நிக்கும். வாசம் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது, எறங்குன ஆளு நிமிசத்துல சாஞ்சுருவான். அதுக்காகத்தான் மேட்டுக்காட்டுல கல்லை எடுத்ததும் ஆரும் எறங்க மாட்டாங்க. வேப்பங்கொப்பைக் கவுத்துல கட்டி மேலயும் கீழயும் ஆட்டி, ஒரு பகலும் ராவும் தொறந்து போட்டு, அப்புறம் வெளக்கை எறக்கிப் பாப்பாங்க. வெளக்கு நின்னு எரிஞ்சா மனுசன் எறங்கலாம். அவங்கப்பன் செத்த பின்னால இதை நாந்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்.

அன்னைக்கு வெளக்கு பாதியிலயே அணைஞ்சுருச்சு. அவன் கொப்பு ஆட்டிட்டு, நாளைக்குப் பாக்கலாம்னு எந்திரிச்சான். நான் தடுக்கலைங்க. பட்டாளத்துக்கெல்லாம் போய் வந்தும் மறக்காம மொறையாச் செய்யறானேன்னு எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. களி கிண்டிப் போட்டேன், கீரைச்சாறு ஊத்துனேன். நல்லாத் தின்னான். எங்கையால அவன் தின்னது அதுதான் கடைசி.

நேத்து வெடிஞ்சதும் வெளக்கை எறக்குனான். நின்னு எரிஞ்சுச்சு. அந்த வெளிச்சத்துல பாத்துட்டான்.

வெளக்கை மேல இழுத்து வெச்சான். அப்புறம் என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம கேட்டான்.

"அவளுக்கு இதை நீ சொல்லிக் குடுக்கலையாம்மா?"

"அவ கேக்கலை சாமி," அப்படின்னேன்.

அவன் எந்திரிச்சான். நேரா நடந்து உங்ககிட்ட வந்துட்டான்.

பெத்தவ பையன்கிட்ட எல்லாத்தையும் சொல்ல முடியாதுங்க. உங்ககிட்டச் சொல்றேன், எழுதிக்குங்க. நான் அவளைத் தள்ளலை. கல்லை நாங்க ரெண்டு பேருஞ் சேந்துதான் நெம்புனோம். அவ சீலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கூடையை எடுத்துக்கிட்டு, குழிக்குள்ள ஒரு காலை வெச்சுட்டு என்னை நிமிந்து பாத்தா. ஏனுங்கத்தை, இதுல எறங்கறதுக்கு ஏதாச்சும் மொறை இருக்குதுங்களான்னு கேட்டா. கேக்கத்தான் செஞ்சா.

கால் வெக்கற எடம் வழுக்கும், பாத்து எறங்கு அம்மணின்னேன்.

உள்ள போயி ஒரு கூடை அள்ளறதுக்குள்ள அத்தைன்னு ஒருக்கா கூப்பிட்டா. கொரல்ல பயமில்லை, தண்ணி கேக்கற மாதிரித்தான் இருந்துச்சு. அப்புறம் ஏதோ சரியற சத்தம். அதுக்கப்புறமும் மூச்சு இருந்துச்சான்னு நீங்க கேப்பீங்க. நான் குனிஞ்சு கேக்கலைங்க. வெளிய தூறல் ஆரம்பிச்சிருந்துச்சு, கொட்டாயி கூரை அந்த மூலையில ஒழுகும். ஈரம் எறங்குச்சுன்னா அம்புட்டு ராகியும் கெட்டுப் போகும். கல்லை இழுத்துப் போட்டு சேறு பூசுனேன். ரெண்டு பேரு சேந்து நெம்புன கல்லு, ஒத்தையாளா எப்படி இழுத்தேன்னு இப்பவும் தெரியலை.

சௌந்திரத்தைக் கொன்னது நாந்தான். கைரேகை எங்க வெக்கோணும்னு காட்டுங்க, வெச்சர்றேன்.

எனக்கு ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க சாமி. அவன் வந்த வேகத்துல குழியைத் தொறந்தபடியே போட்டுட்டு வந்துட்டான். அவளை வெளிய எடுத்த உங்க ஆளுங்களும் மூடலை, ஆரையாச்சும் அனுப்பி கல்லைப் போட்டு மூடச் சொல்லுங்க. அவ கெடந்த எடத்துல மேலாப்புல இருக்கறதை மட்டும் வாரிக் கொட்டீட்டாப் போதும், அடியில இருக்கறது பூராவும் நல்ல ராகிங்க. பையன் இப்பக் கோவத்துல இருக்கறான். பசிச்சா எங்க போவான், எங்கிட்டத்தானுங்க வருவான்.