பிராங்கிளின் சாரு வீட்டுச் சாவி

...ரோடா? இத ரோடுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் தம்பி. மழை பேஞ்சா வாய்க்கா, வெயிலடிச்சா புழுதி, மத்த நாள்ல ஆட்டுக்குப் படுக்கை. பாத்து வாங்க, அந்தக் கல்லுல கால வைக்காதீங்க, ஆடும். செருப்பக் கழட்ட வேணாம்... கழட்டிட்டீங்களா? சரி, முள்ளு குத்துனா என்னையக் கொற சொல்லக்கூடாது. நா சிவனம்மா. இந்தா தெரியுதுல்ல மல்லியப்பூத் தோட்டம், அது நம்மளது. வீட்டுக்காரரு பிராங்கிளின் சாரு எங்கிட்டத்தான் சாவியக் குடுத்துட்டுப் போயிருக்காரு. "யாராச்சும் வீடு பாக்க வந்தா நல்லபடியாச் சொல்லு சிவனம்மா"ன்னாரு. நல்லபடியாத்தான சொல்லிக்கிட்டிருக்கேன்!

திண்டுக்கல்ல எங்கிட்டு இருக்கீங்க? நாகல் நகரா? ஆத்தி! வாசல்லயே பஸ்ஸு, எதுத்தாப்புல மருந்துக்கடை, போனப் போட்டா தோசை வீட்டுக்கே வரும். அத விட்டுட்டு ஆத்தூர்ல வந்து என்ன பண்ணப் போறீங்க? ...காத்தா? காத்துக்கா? காத்து நல்ல காத்துதான், இல்லேங்கல. சாயங்காலம் டேமு பக்கமிருந்து வரும் பாருங்க, சும்மா ஜிலுஜிலுன்னு. ஆனா அந்தக் காத்துலயேதான் கோழிப்பண்ண வாடையும் வரும். நல்ல காத்து மட்டும் வா, மத்தது அங்கிட்டே நில்லுன்னா கேக்குமா?

சாரும் இப்பிடித்தான் காத்துன்னு வந்தாரு. நாலு வருசமாச்சு. அவரு கணக்கு வாத்தியாரு, வீட்டம்மா வினோலியா இங்கிலீசு டீச்சரு. ரெண்டு பேரும் டவுன்லயே வேல பாத்து ரிட்டேர்டு ஆனாக. ஆனவொடனே சாருக்கு ஒரு கிறுக்கு. அமைதியா இருக்கணுமாம், இயற்கையா இருக்கணுமாம். ஒரு நோட்டப் போட்டு, நடுவுல கோடு கிழிச்சு, கிராமத்துக்குப் போனா என்ன நல்லது, என்ன கெட்டதுன்னு எழுதிக்கிட்டு வந்தாரு தம்பி, சத்தியமா! நல்லது இருவத்திரெண்டு, கெட்டது மூணு. நல்லதுல மொதல்ல என்ன எழுதியிருந்தாருங்கிறீங்க? "பறவைகளின் ஒலி." எழுதிட்டாருல்ல! வந்த மறுநா எங்க வீட்டுச் சேவ மூணு மணிக்கே கூவிருச்சு. வெடிஞ்சதும் வாசல்ல வந்து நிக்கிறாரு, கண்ணு ரெண்டும் செவந்துபோயி. "ஏம்மா, இத ஆறு மணிக்குக் கூவ வைக்க முடியாதா?"

"சொல்லிப் பாக்குறேன் சார், ஆனா அதுக்குக் கடியாரம் பாக்கத் தெரியாது"ன்னேன். மனுசன் சிரிக்கவேயில்ல. போயி நோட்டுல அந்தப் பக்கம் எழுதிட்டாரு.

அப்பறம் மயிலு. மொத வாரம் மயில போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்புனாரு. மூணாவது வாரம் கைலியத் தூக்கிக் கட்டிக்கிட்டு, கம்போட அதுக பின்னாடி ஓடுறாரு. பின்ன? தக்காளி அம்புட்டையும் ஒரு கொத்து, ஒரே ஒரு கொத்து கொத்திட்டுப் போயிரும். தின்னா முழுசாத் திங்கணும், இல்ல விடணும். அதுல இவரு எங்கிட்ட வந்து மல்லிக்கு மருந்தடிக்காத, பூமி கெட்டுப்போகும்னு ஒரே பாடம். வாத்தியாரு சொல்றாரேன்னு ரெண்டு பாத்திய மருந்தடிக்காம விட்டேன். புழு நல்லா வெளஞ்சுச்சு, பூவத்தான் காணோம். இயற்கையாம் இயற்கை! அந்த இயற்கைய விட்டுட்டு வாரா வாரம் சனிக்கெழமை பஸ் ஏறிருவாரு, பேகம்பூருக்கு. எதுக்கு? பிரியாணிக்கு! தூக்குவாளில வாங்கிட்டு வருவாரு. பஸ்ஸு பூராம் மணக்கும், கண்டக்டரு மூடியத் தொறக்கச் சொல்லிக் கெஞ்சுவாரு.

உள்ள வாங்க. இதான் பாத்ரூமு. இங்கதான் பாம்பு வந்துச்சு... அட, இப்ப இல்ல தம்பி! ஏன் எகுறுறீங்க? சாரைதான், ஒண்ணும் பண்ணாது. ஆனா சாருக்குத் தெரியாதுல்ல? தண்ணி வாளியக் கவுத்துப் போட்டு, அதுமேல ஏறி நிக்கிறாரு, துண்டோட. டீச்சரம்மா வெளிய நின்னு ஜெபம் சொல்றாக. எங்க வீட்டுக்காரரு நல்லுசாமி வந்து வாலப் புடிச்சுத் தூக்கிட்டுப் போனாரு. "நன்றி நல்லுசாமி"ன்னு வாளிமேல நின்னே கும்புடுறாரு!

ஒரு நா டீச்சரம்மா அந்த நோட்ட எனக்கு வாசிச்சுக் காட்டுனாக. கெட்டது ரொம்பிப் போச்சு. கொசு, கரண்டு, கோயில் மைக்செட்டு, சேவ, மயிலுன்னு வந்து, ஆறாவது பாம்பு. ஏழாவது... சிவனம்மாள்! பாம்புக்கு அடுத்து நானு தம்பி! நா என்ன பண்ணிட்டேன்? காலைல ஒருக்கா எட்டிப் பாத்து சோத்துக்கு என்ன வெஞ்சனம்னு கேப்பேன். பூவ எடை போட்டு விட்டுட்டு வந்து மத்தியானம் செத்த நேரம் உக்காருவேன். சாயங்காலம் டீச்சரம்மா டீ போடுற நேரத்துக்கு ஒருக்கா. இம்புட்டுத்தான். நா எங்க பேசுறேன்? கேட்டா பதில் சொல்லுவேன்.

...கேக்கலையா? சரி, கேக்காட்டியும் சொல்லுவேன், அதுக்காகப் பாம்புக்கு அடுத்தா?

நாலு நாளு இங்கிட்டு எட்டிப் பாக்கலையே நானு. ரோசம். அஞ்சா நாளு வேலியோரம் வந்து நிக்கிறாரு. தொண்டையச் செருமுறாரு. "சிவனம்மா, வெண்டைக்காச் செடியில இலை சுருளுது, ஏன்?"ங்கிறாரு. வெண்டைக்கா ஒரு சாக்கு! எனக்குத் தெரியாதா? "வெள்ள ஈ சார்"னு ஆரம்பிச்சவதான், டீ ரெண்டு தடவ ஆறிப்போச்சு. அதுக்கப்பறம் அவுக இங்கிட்டும் நாங்க அங்கிட்டும்தான். கிறிஸ்மசுக்குக் கேக்கு மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரும். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப சாரு வந்து பூப் பறிச்சாரு தம்பி. எம்புட்டுப் பறிச்சாருங்கிறீங்க? ஒரு கைப்பிடி. அதுல பாதி அரும்புகூட இல்ல, இலை. இருந்தாலும் வந்தாருல்ல?

...ஆங், அப்பறம் ஏன் போனாகன்னா... டாக்டரு இல்ல, அதான். செம்பட்டிக்குப் போகணும். எலும்புன்னா திண்டுக்கல்லு. அதெல்லாம் செரமம், உங்களுக்கு எதுக்கு? இந்த ரூம்ப இன்னொருக்கா பாருங்க, அந்த மூலைல ஒழுகும்.

...இல்ல, நானே சொல்லிர்றேன். வேற யாருட்டயாச்சும் கேட்டா இன்னும் கண்ணு காது மூக்கு வச்சுச் சொல்லுவாக.

ரெண்டு மாசத்துக்கு முந்தி, ஒரு பத்து மணி இருக்கும், சாரு வாய்க்காலத் தாண்டுறேன்னு வழுக்கி விழுந்துட்டாரு. முட்டி வீங்கிப்போச்சு. பூ மார்க்கெட்டுக்குப் போற குட்டியானை வண்டி நின்னுச்சு. நாலு பேரு தூக்கி, பூ மூட்டைக மேல படுக்க வச்சு, டீச்சரம்மாவையும் ஏத்தி அனுப்பிட்டோம். அம்புட்டுத்தான் சங்கதி. வண்டி போயிருச்சு. பாத்தா சாரு போனு கட்டில்ல கெடந்து அடிக்குது. கோயம்புத்தூர்ல இருக்க மகன் ரொனால்டு. எடுத்தேன்.

"அப்பா எங்கம்மா?"ங்கிறான். "கால் பிசகிருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு"ன்னு ஒத்த வார்த்தை சொல்லி வச்சிருக்கலாம்ல? சொல்லல. நா எப்பவுமே ஆதியிலருந்துதான் சொல்லுவேன். "அப்பாவுக்கு இப்பிடி ஆகிப்போச்சே தம்பி"ன்னு ஆரம்பிச்சேன். "பூவண்டிலதான் தம்பி கொண்டுபோறாக. நெறையப் பூவு. அதுமேலதான் படுக்க வச்சோம். நாலு பேரு தூக்குனாக. அம்மா அழுதுகிட்டே கூடவே போறாக. ஊரே வந்து நின்னுச்சு தம்பி..." அந்தப் பக்கம் பேச்சக் காணோம். சிக்னலு போயிருச்சாக்கும்னு போன வச்சுட்டு, வீட்டப் பூட்டிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டேன்.

சிரிக்காதீங்க தம்பி! அன்னைக்கு ஒருத்தரும் சிரிக்கல.

மத்தியானம் மூணு மணிக்கு வாசல்ல மூணு காரு. ரொனால்டு, அவன் பொண்டாட்டி, பெரியப்பா, சித்தப்பா, கையில ரோசாப்பூ மாலை. எல்லாருக்கும் கண்ணு வீங்கிக் கெடக்கு. இங்கன பாத்தா, சாரு கால்ல கட்டோட கட்டில்ல உக்காந்து பிரியாணி சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. வார வழியில பேகம்பூர்ல எறங்கி வாங்கிட்டு வந்திருக்காக. மாலையப் பாத்துட்டு, "என்னடா, யாருக்குக் கல்யாணம்?"ங்கிறாரு!

அந்தப் பய அப்பன் கழுத்தக் கட்டிப் புடிச்சு அழுதான் பாருங்க... அழுது முடிச்சதும் கோவம் வந்துருச்சு. "போனெடுக்க ஆளில்ல, ஆஸ்பத்திரி இல்ல, இனி ஒரு நாளு இங்க இருக்கக்கூடாது." மறுநாளே கூட்டிட்டுப் போயிட்டான். ஒம்பதாவது மாடியாம்.

சாரு என்னைய ஒத்த வார்த்த திட்டல தம்பி. திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும். "எங்க கோழிக்குத் தண்ணி வை சிவனம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டாரு. டீச்சரம்மா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாக.

சரி, பாத்தாச்சுல்ல? கெளம்புறீங்களா? அடுத்த பஸ்ஸு... ஓ, கார்ல வந்தீங்கள்ல.

என்னது? புடிச்சிருக்கா? எது, இந்த வீடா? நா சொன்னதக் காதுல வாங்குனீங்களா இல்லையா! பாம்பு தம்பி, பாம்பு! தண்ணி வேற உப்பு. ...எப்பக் குடிச்சீங்க? அந்தக் கொழாய்லயா? சரி, உப்பு இல்ல. நெட்டு எடுக்காது, தொட்டிமேல ஏறித்தான் பேசணும். ...எடுக்குதா? நாலு புள்ளியா? அது இன்னைக்கு மட்டுந்தான்.

இங்க பாருங்க தம்பி. மறைச்சு என்ன ஆகப்போகுது? நீங்க அஞ்சாவது ஆளு. மொத வந்தவரு பாம்புன்னதுமே காருக்குள்ள போயி உக்காந்துட்டாரு. ரெண்டாவது வந்த அம்மாட்ட மழைக்கு வீடு இத்துப்போச்சுன்னேன். இன்னொருத்தரு எதுக்கும் அசையல, அவருட்ட கெணத்துல பேயி இருக்குன்னேன். கெணறே இல்ல இங்க! நாலு பேத்தயும் நாந்தான் வெரட்டி விட்டேன். இந்த வீட்ட வித்துட்டா அவுகளுக்குத் திரும்பி வர எடமில்லைல்ல? என் வாயாலதான போனாக... அதே வாயால எடத்தையாச்சும் காப்பாத்தி வைப்போம்னுதான்.

...நேராக் கேக்குறதா? சாருட்டயா? "வந்துருங்க"ன்னா? அதெப்பிடி தம்பி கேக்க? நா யாரு, ஒறவா மொறையா? ஏழாம் நம்பரு! ...வேணாம், போன உள்ள வைங்க. தம்பி! வேணாங்கிறேன்ல... அடிக்குதா? குடுங்க, குடுங்க.

சார்! நாந்தான் சிவனம்மா. ...ஆமா, வந்திருக்காரு. அவரு போன்தான். ...பாத்தாரு. புடிச்சிருக்காம். ...ம். ...டீச்சரம்மா எப்பிடி இருக்காக? ...ஏன் சாப்புடல? ...காரு நிக்கிற எடத்தயே சுத்திச் சுத்தி நடக்குறீங்களா? எதுக்கு சார் அந்தத் தலையெழுத்து! கோழியெல்லாம் நல்லாருக்கு. பழுப்புக் கோழி அடைகாக்குது, பக்கத்துல போனா கொத்துது. சார்... நா அன்னைக்கு அப்பிடிப் பேசியிருக்கக்கூடாது. எனக்குத் தூக்கமே இல்ல சார். வந்துருங்க. சேவல வேணும்னா அடிச்சுக் கொழம்பு வச்சிர்றேன். ...வேணாமா? அது கூவாம எந்திரிக்கவே முடியலையா? அப்பிடிச் சொல்லுங்க!

...என்னது சார்? திரும்பச் சொல்லுங்க. ...ஞாயித்துக்கெழமை? பூசை முடிஞ்சு? ரெண்டு பேருமேவா! ...பஸ்ஸுலயா, முட்டி தாங்குமா? ...சரி. ...சரி சார். மகனுக்குத் தெரியக்கூடாது. வந்து எறங்குனதுக்கப்பறம் நீங்களே சொல்லிக்கிறீங்க. ...சத்தியமா சார். நா எதுக்கு வாயத் தொறக்கேன்? இந்தா, தம்பிட்டக் குடுக்குறேன், நீங்களே பேசுங்க.

...பேசிட்டீங்களா? கோவமில்லையே தம்பி? நல்லாருப்பீங்க. மேக்கால தெருவுல ஒரு வீடு வெலைக்கு வருது, நா கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன், பாம்பே கெடையாது. ஏன், அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? செத்த நேரம் இருங்க, டீ போடுறேன்... தம்பி! அட, செருப்பு! செருப்ப மாட்டிட்டுப் போங்க! ...போயிட்டாரு.

ஏ கௌசல்யா! பூக்கூடையோட எங்கடி ஓடுற, இங்கிட்டு வா. கிட்ட வாடி, இது கத்திச் சொல்ற சங்கதி இல்ல. பிராங்கிளின் சாரும் டீச்சரம்மாவும் ஞாயித்துக்கெழமை வாராகடி! யார்ட்டயும் சொல்லிராத.